குன்னூரில் பிள்ளைகளுக்கான தொழில் அறிமுக முகாம்: ஐந்து நாள் உடனிருந்து பார்த்ததில்

கடந்த மே மாத விடுமுறையில், எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகளைக் குன்னூரில் நடந்த ஐந்து நாள் தொழில் அறிமுக முகாம் ஒன்றில் சேர்த்தேன். 11 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, தாம் வாழும் மலையிலேயே என்னென்ன வேலைகள் நடக்கின்றன, அவற்றைச் செய்பவர்கள் யார், அந்த வேலைக்கு அவர்கள் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதை நேரில் காட்டுவதே நோக்கம் என்று துண்டறிக்கையில் சொல்லியிருந்தார்கள். கட்டணம் 2,500 ரூபாய். மதிய உணவும் வேன் செலவும் அதில் அடக்கம். 22 பிள்ளைகள் சேர்ந்திருந்தனர். விரும்பும் பெற்றோர் உடன் வரலாம் என்றதால் ஐந்து நாளும் நானும் கூடவே இருந்தேன். சில குறைகளைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருப்பதால் நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. ஆனால் கோடைதோறும் ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இத்தகைய முகாம்களுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. எதைக் கவனித்துச் சேர்ப்பது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது என்பது மற்றப் பெற்றோருக்குப் பயன்படும் என்றே எழுதுகிறேன்.

நான் 16 ஆண்டுகளாக நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டால், டாக்டர், கலெக்டர், போலீஸ், டீச்சர் என்ற நான்கைத் தாண்டிப் பதில் வருவது அபூர்வம். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், "ஃபேக்டரிக்குப் போறாரு மிஸ்", "லோடுக்குப் போறாரு மிஸ்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஃபேக்டரியில் அவர் நிற்கும் இடம் எது, கையில் பிடித்திருக்கும் கருவி எது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் நம் மலையில் பெரும்பாலான வீடுகளில் பெற்றோரின் தொழில் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லப்படுவதில்லை, மிரட்டலாகத்தான் சொல்லப்படுகிறது. "படிக்கலைன்னா கொழுந்து பறிக்கத்தான் போகணும்" என்ற வார்த்தையைக் கேட்டே நானும் வளர்ந்தேன். என் அம்மா, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் மறுவாழ்வுக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அந்தக் கூலியில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சி கிடைத்தது. அம்மாவின் வேலையில் இருந்த நுட்பம் எது என்று நாற்பது வயது வரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு ஆராய்ச்சி வழியிலும் ஒரு விளக்கம் உண்டு. லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1981இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, வேண்டாத தொழில்களைக் கழித்துக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஏறத்தாழ 6 முதல் 8 வயதுக்குள் ஆண் வேலை, பெண் வேலை என்ற கணக்கில் ஒரு பகுதி கழிகிறது. 9 முதல் 13 வயதுக்குள் மதிப்பான வேலை, மதிப்பில்லாத வேலை என்ற கணக்கில் இன்னொரு பகுதி கழிகிறது. ஒருமுறை கழித்ததைப் பிள்ளை தானாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே 12 வயதுப் பிள்ளைக்கான முகாமின் வேலை, அதற்கு எது பொருத்தம் என்று முடிவு சொல்வதன்று. பார்க்காமலேயே தள்ளி வைத்தவற்றை ஒருமுறை கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துவதுதான். இந்த முகாமை நான் அளப்பதும் இந்தக் கோலால்தான்.

முதல் நாள் அந்த அளவில் தேறவில்லை. காலை முழுவதும் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, நீண்ட வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, விருப்பங்களைக் குறிக்கச் சொன்னார்கள். ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959இல் வகுத்த முறையைப் பின்பற்றிய வினாத்தாள் அது: கைவேலை நாட்டம், ஆராயும் நாட்டம், கலை நாட்டம், பிறருக்கு உதவும் நாட்டம், முன்னின்று நடத்தும் நாட்டம், ஒழுங்குபடுத்தும் நாட்டம் என ஆறு வகை. வளர்ந்தவர்களுக்கு அது பயனுள்ள முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "உங்களுக்கு இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பிடிக்குமா" என்ற கேள்விக்கு, வாழ்நாளில் ஒரு ஸ்பேனரைக் கூடத் தொட்டிராத பெண் பிள்ளை எதை வைத்துப் பதில் எழுதும்? "பிடிக்காது" என்றுதான் எழுதும். அந்தப் பதில்களைக் கூட்டி, மாலையில் ஆளுக்கொரு தாளில் "உங்கள் பிள்ளை இந்த வகை" என்று வண்ண அச்சில் கொடுத்தார்கள். என் மகளுக்கு ஒழுங்குபடுத்தும் வகை என்று வந்திருந்தது; வங்கி, கணக்கு, அலுவலகம் என்று கீழே பட்டியல். அவள் அதை அப்படியே நம்பி, "அப்ப எனக்கு சயின்ஸ் வராதாம்மா?" என்று வேனில் வரும்போது கேட்டாள். பார்க்காத வேலையைப் பற்றி விருப்பம் கேட்டு, அந்த விருப்பத்தையே தீர்ப்பாக எழுதித் தருவது, பிள்ளைகள் முன்பே போட்டிருக்கும் வேலியை இன்னும் உயர்த்திக் கட்டுவதாகும். வினாத்தாள் இருந்தே தீர வேண்டும் என்றால் அதைக் கடைசி நாளில் வைக்கட்டும், பட்டியல் இல்லாமல் வைக்கட்டும்.

அன்று பிற்பகல் இன்னொரு தவறும் நடந்தது. பெண் பிள்ளைகளைத் தையல் வகுப்புக்கும் ஆண் பிள்ளைகளைத் தச்சுப் பட்டறைக்கும் பிரித்து அனுப்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வழக்கம் என்ற ஒன்றே காரணம். நானும் இன்னும் இரண்டு பெற்றோரும் மாலையில் போய்ச் சொன்னோம். ஒருங்கிணைப்பாளர் வாதாடவில்லை. மறுநாள் முதல் எல்லாரும் ஒன்றாகவே சென்றனர். ஐந்தாம் நாள் காலையில் பட்டறையையும் தையலையும் மாற்றிப் போட்டு, விடுபட்டதை நிறைவு செய்தார்கள். குறை சொன்னதும் திருத்திக்கொண்ட இந்தக் குணத்துக்காகவே இவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்தத் தையல் வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: தோடர் இனப் பெண்கள் இருவர் வந்து, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தம் பூத்தையலைச் செய்து காட்டினார்கள். துணியில் கோடு போட்டுக்கொள்ளாமல், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்த ஆண் பிள்ளைகள், இது கணக்கு வேலை என்று தாங்களாகவே சொன்னார்கள்.

இரண்டாம் நாளுக்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். குன்னூரை ஒட்டிய ஒரு சிறிய தேயிலை ஃபேக்டரிக்குள் காலை ஒன்பதரை மணிக்கு நுழைந்தோம், மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தோம். சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவது போல இயந்திரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடத்திச் செல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே நிற்கும் ஆளை வேலையோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை இலை வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்த பிள்ளைகளுக்கு, மீதி எடை எங்கே போகிறது என்ற கேள்விக்கு இலை வாட்டும் மாடியில்தான் விடை கிடைத்தது. நீண்ட தொட்டிகளில் கம்பி வலை மேல் பரப்பிய இலைக்கு அடியிலிருந்து விசிறிக் காற்று ஏறுகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே கிடந்து நீர் வற்றுகிறது. அங்கே தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கர் ஒரு பிடி இலையை அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கி, மெல்ல விரலைப் பிரித்துக் காட்டினார். சரியாக வாடிய இலை, உருட்டிய உருண்டையாகவே கையில் நின்றது. பக்கத்துத் தொட்டியில் அன்று அதிகாலை கொட்டிய இலையை அவ்வாறே பிடித்துவிட்டபோது, அது சடசடவென விரிந்து கையை விட்டுத் தெறித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செய்து பார்த்தார்கள். என் மகள் மூன்று தொட்டிகளில் பிடித்துப் பார்த்து, "இது இன்னும் ஆகலை" என்று ஒன்றைக் காட்டினாள். "ஆமா, அதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் வேணும்" என்று அவர் சொன்னபோது அவள் முகத்தில் வந்த பெருமிதத்தை எந்த வண்ணத் தாளும் தந்துவிட முடியாது.

கீழே, பல் வைத்த எஃகு உருளைகள் இலையை நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் இடம். வெட்டுப்பட்ட பச்சை இலை, புளிக்கப் போட்ட சிறிது நேரத்தில் செம்புக் காசின் நிறத்துக்கு மாறுவதை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டதற்கு, கடிகாரம் பாதிதான் சொல்லும் என்று பதில் வந்தது. குளிர் அதிகமான நாளில் நேரம் கூடும், ஆகவே பச்சைப் புல் வாடை போய்ப் பழ வாசனை எழும் கணத்தை மூக்கால்தான் பிடிக்க வேண்டும். அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை முகரச் சொல்லி அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கே டீ மேக்கர் காட்டினார்.

ஆனால் அன்று என் மனத்தைத் தொட்டவர் ஒரு மூலை அறையில் இருந்த உருளை கூர் தீட்டுபவர். இலையை நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் அந்த சி.டி.சி. உருளைகளின் பற்கள் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் மழுங்கிவிடும்; மழுங்கிய பல் இலையைக் கிழிக்காமல் நசுக்கும், தூளின் நிறமும் சாரமும் கெடும். ஆகவே உருளையைக் கழற்றிக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, ஒவ்வொரு பல்லையும் திரும்ப வெட்டி எடுப்பது ஒரு தனி வேலை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு வந்தவர் அவர். ஃபேக்டரி வேலை என்றால் மூட்டை தூக்குவது என்று நினைத்திருந்த பிள்ளைகள், ஒரு முடியளவு பிசகினால் ஒரு நாள் தூள் முழுவதும் தரம் இறங்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு வாய் மூடி நின்றார்கள். குன்னூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது என்பதும், பத்தாம் வகுப்புக்குப் பிறகு அதில் சேரலாம் என்பதும் அந்த இடத்தில் வைத்துச் சொல்லப்பட்டதால் பிள்ளைகள் காதில் நின்றது.

இந்த முகாமின் மிகச் சிறந்த பொருள் என்று நான் கருதுவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்த ஒரு சிறு நோட்டு. சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்க அதில் ஐந்தே கேள்விகள் அச்சிட்டிருந்தன. எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீர்கள்? உங்கள் கை என்ன செய்கிறது? எங்கே கற்றுக்கொண்டீர்கள்? எது வலிக்கும்? வருமானம் குடும்பத்துக்குப் போதுமா? நான்காவது கேள்வியைச் சேர்த்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். கூர் தீட்டுபவர் அதற்கு, "கண்ணு எரியும், குனிஞ்சே நிக்கிறதால இடுப்பு பிடிச்சுக்கும்" என்று எவ்விதத் தயக்கமும் இன்றிச் சொன்னார். தொழிலைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் சீருடையும் சிரிப்பும்தான் காட்டப்படுகின்றன. நோவைச் சொன்னால் பிள்ளை பயந்துவிடும் என்று நினைக்கிறோம். பிள்ளைகள் பயப்படவில்லை. பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

அதே நாளில் ஒரு பெருங்குறையும் உண்டு. இந்த மலையில் மிக அதிகமானவர்கள் செய்யும் வேலை தேயிலை பறிப்பது. அதை மட்டும் வேன் ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டுக் கடந்து போனார்கள். தோட்டத்தில் இறங்கவில்லை, பறிக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரமில்லை என்றார்கள். டீ மேக்கரையும் கூர் தீட்டுபவரையும் மதிப்போடு அறிமுகம் செய்தவர்கள், அவர்கள் எல்லாருடைய வேலைக்கும் முதலாக இருப்பவளை ஒரு காட்சியாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் முதலில் கழித்துக் கட்டுவதும் அந்த வேலையைத்தான்.

அன்றிரவு என் மகள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். "அம்மாயி, எது வலிக்கும்?" என்றாள். கூடைக் கயிறு நெற்றியில் ஏறி உட்காருவதால் பின்கழுத்து வலிக்கும் என்றும், மழைக் காலத்தில் அட்டைக் கடி ஆறவே ஆறாது என்றும் அம்மா சொன்னார். கை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே ஒடிக்கும் அந்தச் சிறு திருப்பத்தைக் காற்றில் செய்து காட்டினார். நகத்தால் கிள்ளினால் அடுத்த கொழுந்து சரியாக வராதாம். இப்போது பல தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் வைத்து அறுக்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு, அது வேகம், ஆனால் முற்றிய இலையும் சேர்ந்து வரும் என்றார். முகாமில் கிடைத்திருக்க வேண்டிய பாடம் வீட்டில் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் அம்மாயி இருக்க மாட்டார் என்பதால் இதை முகாமின் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் குன்னூர் ரயில் நிலையம். மலை ரயிலில் பலமுறை போயிருந்த பிள்ளைகள்கூட அதில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள் என்ற விவரமெல்லாம் ஏற்கெனவே பாடத்தில் உண்டு. குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் பாதை திறக்கப்பட்டதையும், 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஓய்வு பெற்ற பிரேக்ஸ்மேன் ஒருவரைப் பேச வைத்தார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏறும் அளவுக்குச் செங்குத்தான இடங்கள் உள்ளன. அதனால் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்து, அதில் எஞ்சினின் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிறது. எஞ்சின் முன்னே இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. "அப்ப டிரைவருக்கு முன்னாடி இருக்கற வழி எப்படிங்கய்யா தெரியும்?" என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். தெரியாது என்பதுதான் பதில். முன்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன் தன் பெட்டியின் பிரேக்கைத் தன் கையால் இயக்க, பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுகிறது. ஒருவர் கண்ணை இன்னொருவர் நம்பித்தான் ரயில் மலை ஏறுகிறது. மழையில் இரும்புச் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விரல் விறைத்துப்போவதையும், வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் விரல் மடங்காததையும் அவர் சொன்னார்.

அன்றைய நாளின் சிறப்பு, ஒரே ரயிலைச் சுற்றி இருக்கும் வேலைகளை வழிகளோடு விரித்தது. உதவி லோகோ பைலட் ஆவதற்குப் பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ வேண்டும். அதற்கு ரயில்வே தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. பார்வைத் திறன் பரிசோதனை கடுமையானது. இந்தப் பாதைக்கான புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டதும், நூறு ஆண்டுக்கு முந்தைய வடிவத்தை இன்று செய்பவர்கள் வரைபடத்தை எங்கே பெற்றார்கள், வார்ப்பை யார் செய்தார்கள் என்று கேள்விகள் தொடர்ந்து வந்தன. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டும்போது, வழக்கமாகப் படம் எடுக்க ஓடும் பிள்ளைகள், இணைப்பைப் பூட்டும் ஆளின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான்காம் நாள் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970 முதல் இயங்கும் இது, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட மாபெரும் உருளைப் பரப்பு. அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டியதால், ஒரே அச்சில் திருப்பினாலே வானத்து ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர முடிகிறது. இதைக் கேட்டபோது, மலையில் பிறந்ததைக் குறையாகவே நினைத்திருந்த சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சரிவு இங்கே இடையூறாக இல்லாமல் கருவியின் ஒரு பாகமாகவே இருக்கிறது. பரப்பு முழுவதும் 1,100 எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன, 24 சட்டங்கள் அவற்றைத் தாங்கி ஒன்றாகத் திரும்ப வேண்டும். இவ்வளவையும் பார்த்துக்கொள்ள விஞ்ஞானி மட்டும் போதாது, பொருத்துநர், எலக்ட்ரீஷியன், பற்றவைப்பவர், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், கணினி நிரல் எழுதுபவர் எல்லாரும் வேண்டும் என்று விளக்கியது நன்றாக இருந்தது. "எனக்கு சயின்ஸ் வராதா" என்று கேட்ட என் மகள் அன்று அந்தக் கேள்வியை மறந்துவிட்டு, கம்பி தளர்ந்தால் எப்படித் தெரியும் என்பதை நோட்டில் இரண்டு பக்கம் எழுதினாள். ஒரே குறை, அங்கே செலவிட்ட நேரம் ஒன்றரை மணி மட்டுமே. சீசன் நெரிசலில் குன்னூரிலிருந்து போய்த் திரும்புவதிலேயே பாதி நாள் கழிந்துவிட்டது. வளைவுகளில் நான்கு பிள்ளைகளுக்கு வாந்தி. இந்த நாளை மே மாதத்தில் வைக்காமல் காலாண்டு விடுமுறைக்கு மாற்றலாம்.

ஐந்தாம் நாள் பிற்பகலில் நடந்ததைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நிறைவு விழா என்று அழைத்துவிட்டு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றின் ஆட்களை மேடை ஏற்றினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே பயிற்சி தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான்கு நாளாகக் கையையும் மூக்கையும் கண்ணையும் கொண்டு தொழிலைப் பார்த்த பிள்ளைகளின் முன்னால், தொழில் என்றால் இரண்டே இரண்டு என்று அடித்துச் சொன்னார்கள். அதைவிட மோசமானது, சேர்க்கைப் படிவத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண்கள் அவர்கள் கைக்குப் போயிருந்தன. மறுநாளே மூன்று அழைப்புகள் வந்தன. என் அனுமதி கேட்கப்படவில்லை. கட்டணம் குறைவாக இருப்பதற்கு இந்த வழியில் பணம் வருவது காரணமென்றால், 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவு எளிமையானது, சூடாக இருந்தது. மண்டபத்தில் கழிப்பறை சுத்தம். பயண நாள்களில் அந்த ஏற்பாடு போதாது. வழிகாட்டிகள் நால்வரும் பிள்ளைகளை அதட்டவில்லை. 11 வயதுப் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் களைத்துவிட்டார்கள். 12 முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். பேச்சு முழுவதும் தமிழில் நடந்ததும், படுகு பேசும் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே ஒரு வழிகாட்டி விளக்கியதும் குறிப்பிடத்தக்கவை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் வழியாக உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு வழிகாட்டல் உண்டு; எந்தப் படிப்புக்குப் பிறகு எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை என்ற விவரங்களுக்கு அது பயன்படுகிறது. ஆனால் வாடிய இலையைக் கையில் பிடித்துப் பார்க்கும் அனுபவம் திரையில் கிடைக்காது. அதற்கு முந்தைய வயதில் இப்படி ஒரு முகாம் வேண்டும். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் நான்கு இடமாவது ஒதுக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். 22 பேரில் தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் இருவர் மட்டுமே.

காட்டப்படாமல் போன வேலைகள் இன்னும் பல. கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்கிக் கழுவி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிடும் குழுக்கள், தெப்பக்காடு யானைகள் முகாமின் பாகனும் அவருக்குத் துணையாக இருக்கும் காவடியும், 1907 முதல் குன்னூரில் இயங்கும் பாஸ்டர் நிலையத்தில் தடுப்பூசி வேலை பார்க்கும் ஆய்வகப் பணியாளர்கள், தேயிலை ஏலத்துக்கு முன் நாக்கால் விலையைத் தீர்மானிக்கும் சுவைஞர்கள். ஐந்து நாளில் எல்லாம் முடியாது என்பது தெரியும். ஆனால் மண்டபத்தில் கழிந்த முதல் நாளையும், பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்த அரை நாளையும் எடுத்துவிட்டால் இவற்றில் இரண்டுக்காவது இடம் கிடைக்கும்.

முகாம் முடிந்த வாரமே நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தேயிலை பறிக்கும் இடத்தில் இரண்டு மணி நேரமாவது பிள்ளைகளை இறக்கிவிட்டு, பறிப்பவர்களையே பேச வைக்க வேண்டும். வகை பிரித்துத் தாள் கொடுப்பதை நிறுத்த வேண்டும். எங்கள் எண்களை யாருக்கும் தரக் கூடாது என்று மூன்று கோரிக்கைகள். எண்கள் போனதற்கு வருத்தம் தெரிவித்தும், அடுத்த ஆண்டு அந்தப் பயிற்சி நிலையம் வராது என்று உறுதி சொல்லியும் பத்து நாளில் பதில் வந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு அனுமதி கேட்டிருப்பதாகவும், ஓய்வு பெற்ற தொழிலாளர் யாரேனும் வந்து பேச இசைவார்களா என்றும் அதில் கேட்டிருந்தார்கள். வினாத்தாளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை மறுபடி கேட்பேன். அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மழை இல்லாத நாளாக இருந்தால் வருகிறேன், கூடையையும் எடுத்து வருகிறேன் என்றிருக்கிறார்.